வாளி மாப்பா, மோட்டார் மாப்பா: அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள்

கேள்வி இதுதான். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ஒற்றை மாடித் தாமான் (குடியிருப்பு) வீடு. ஹால், மூன்று அறைகள், குசினி எல்லாம் டைல்ஸ். குசினிக்குப் பின்னால் வெறும் சிமெண்ட், முன்னால் அஞ்சடி என்கிற முன்வாசல் நடை. அம்மாவுக்கு முழங்கால் வலி, குனிந்து பிழிய முடியவில்லை. பாட்டி இன்னும் தோட்டத்து வீட்டில் இருக்கிறார், அங்கே பலகைத் தரை. பழைய நூல் மாப்பை மாற்ற வேண்டும். 200 வெள்ளிக்கு (ரிங்கிட்) இரண்டு வட்டத் துணி சுற்றுகிற மோட்டார் மாப்பு ஒன்றும், 1,200 வெள்ளிக்கு உருளை வைத்துக் கழுவி உறிஞ்சுகிற ஒன்றும் பார்த்திருக்கிறீர்கள். எதை வாங்குவது, அல்லது கையால் துடைக்கிற மாப்பே போதுமா?

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். 200 வெள்ளி மாப்பு வேண்டாம். 70, 80 வெள்ளிக்குள் ஒரு தட்டை மாப்பும் ஆறு மைக்ரோஃபைபர் துணிகளும் வாங்குங்கள். வீடு முழுவதற்கும் அது போதும். 1,200 வெள்ளி மாப்பை, துடைத்து முடித்த பிறகு தினமும் பத்து நிமிடம் அதைக் கழுவிக் காயவைக்க வீட்டில் ஒருவர் இருந்தால் மட்டும் வாங்குங்கள். அப்படி ஒருவர் இருந்தால் அது நல்ல சாமான்தான்.

கடையில் எல்லாரும் கேட்பது கையா மோட்டாரா என்றுதான். நான் கேட்கச் சொல்வது வேறு: தரையிலிருந்து கரைந்து வந்த அழுக்குத் தண்ணீர் எங்கே போகிறது? துடைப்பது என்பது இரண்டு வேலை. முதலில் அழுக்கைத் தண்ணீரில் கரைக்க வேண்டும். பிறகு அந்தத் தண்ணீரைத் தரையை விட்டு எடுக்க வேண்டும். முதல் வேலையை எந்த மாப்பும் செய்யும். இரண்டாவதைச் செய்யாத மாப்பு, ஹாலில் இருந்த அழுக்கை மெல்லிய படலமாக வீடு முழுக்கப் பரப்பிவிட்டு வரும். ஈரமாக இருக்கும்போது பளபளக்கும். காய்ந்ததும் வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால் வெள்ளைக் கோடு கோடாகத் தெரியும்.

உங்கள் வீட்டில் இப்போது நடப்பதைத் தெரிந்துகொள்ள ஒரு சோதனை செய்யலாம். துடைத்துக் காய்ந்த ஓர் இடத்தில், ஓரடிச் சதுரத்தில், வெள்ளை டிஷ்யுவை நனைத்துப் பிழிந்து நன்றாகத் தேயுங்கள். டிஷ்யு பழுப்பாக வந்தால் அழுக்குத் தண்ணீர் தரையிலேயே காய்ந்திருக்கிறது. அடுத்து, அதே இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசைக்கரண்டித் தண்ணீர் விட்டு விரலால் வட்டமாகத் தேயுங்கள். நுரை வந்தால் பழைய சோப்பு ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெறுங்காலோடு நடந்தால் பிசுபிசுவென்று ஒட்டுகிற தரை பெரும்பாலும் சோப்பு கூடிப்போன தரைதான். அந்தப் பிசுக்கு மறுநாள் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தரை அழுக்காகிறதே என்று இன்னும் சோப்பு ஊற்றுவோம், பிசுக்கு இன்னும் கூடும். சுடுதண்ணீரை மட்டும் வைத்து, துணியை மாற்றி மாற்றி, இரண்டு மூன்று நாள் துடைத்தால் விட்டுவிடும். புதிய மாப்பு வாங்குவதற்கு முன்பே இதைச் செய்யுங்கள்.

தோட்டப்புறத்துத் தரைக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது, செம்மண். செம்பனைத் தோட்டத்துப் பாதையில் போய்வந்த செருப்பிலும், மோட்டார் சைக்கிள் சக்கரத்திலும், லாரி கிளப்பிய தூசியிலும் அதுதான் வருகிறது. அது வெறும் மணல் கிடையாது. மிக நுண்ணிய களிமண், அதில் இரும்புத் துரு கலந்த நிறம். காய்ந்திருக்கும்போது விளக்குமாற்றுக்கு வந்துவிடும். தண்ணீர் பட்ட அந்த நொடி சேறாகி டைல்ஸ் இடுக்கில் போய் உட்காரும். இடுக்கில் பூசிய சிமெண்ட் நுண்துளை உள்ளது, களிமண்ணை இழுத்துக்கொள்ளும். சில மாதங்களில் வெள்ளைக் கோடெல்லாம் காவிக் கோடாகிவிடும். அதனால் எந்த மாப்பு வாங்கினாலும் முதலில் காய்ந்த தரையைக் கூட்டியே ஆக வேண்டும். கழுவி உறிஞ்சும் மோட்டார் மாப்பு விற்கிறவர்கள் கூட்டவே வேண்டாம் என்பார்கள். மாடி வீட்டில் அது நடக்கும். செம்மண் ஏறிய ஹாலில் நடக்காது. அந்த மண் உறிஞ்சு குழாயின் வளைவில் சேறாகப் படிந்து இறுகிப்போகும். இடுக்கு ஏற்கெனவே காவியாகியிருந்தால், ஒரு லிட்டர் சுடுதண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து, பழைய பல் துலக்கியால் தேய்த்து, சேறு இறங்குவதற்குள் துணியால் ஒற்றி எடுங்கள். டாய்லெட் கழுவும் அமிலத்தை அங்கே ஊற்ற வேண்டாம். இடுக்கையே அரித்துவிடும்.

இப்போது ஒவ்வொரு வகையாகப் பார்ப்போம்.

நூல் மாப்பு 10, 15 வெள்ளிதான், ஆனால் நிறையத் தண்ணீரைச் சுமந்துகொண்டு அலையும். பிழியக் கை பலம் வேண்டும். அஞ்சடிக்கும் பின்பக்கச் சிமெண்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே வேண்டாம்.

சுழற்றிப் பிழிகிற வாளி மாப்பு எல்லார் வீட்டிலும் இருக்கிறது. நூல் மாப்பைவிட நல்லது. கையால் பிழிய வேண்டாம், கம்பை அழுத்தினால் கூடை சுற்றும். ஆனால் ஒரே வாளி, ஒரே தண்ணீர். இரண்டாவது அறைக்குப் போகும்போதே அது தேத்தண்ணீர் நிறத்துக்கு வந்துவிடும். அதில் முக்கி எடுத்த மாப்பை எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் நூலில் இருப்பது அந்த அழுக்கு ஈரம்தான். ஏற்கெனவே வீட்டில் இருந்தால் தூக்கிப்போட வேண்டாம், பக்கத்தில் இன்னொரு வாளி வையுங்கள். முதல் வாளியில் வெறும் தண்ணீரில் அலசி, சுற்றிப் பிழிந்து, பிறகு இரண்டாவது வாளியில் இருக்கும் சோப்புத் தண்ணீரில் நனைத்து, மறுபடி சுற்றித் துடையுங்கள். அலசும் தண்ணீரை ஹால் முடிந்ததும் ஒரு தடவை, அறைகள் முடிந்ததும் ஒரு தடவை மாற்றினால் போதும். இந்த மாப்பில் முதலில் கெடுவது கம்புக்குள் இருக்கும் முறுக்குக் கம்பி. அழுத்தினால் கூடை சுற்றாமல் கம்பு மட்டும் இறங்கும். அடுத்து தலைக்கு மேல் இருக்கும் பிளாஸ்டிக் மூட்டு உடையும். புதிதாக வாங்கினால் கூடை எவர்சில்வராக இருக்கிறதா, மூட்டு தடிமனாக இருக்கிறதா என்று பாருங்கள். வட்டத் தலை பெரும்பாலும் 16 சென்டிமீட்டர் அளவில்தான் வரும், மாற்றுத் தலை எங்கும் கிடைக்கும்.

தட்டை மாப்புக்கு வருகிறேன். நீளக் கம்பு, செவ்வகத் தட்டு, அதில் ஒட்டும் மைக்ரோஃபைபர் துணி. கடையில் இதைப் பிழிகிற வாளியோடு விற்பார்கள். வாளி இல்லாமல், துணிகளை மட்டும் கூடுதலாக வாங்குவதே என் யோசனை. ஆஸ்பத்திரிகளில் அறைக்கு ஒரு துணி என்று துடைக்கிற முறையை வீட்டுக்குக் கொண்டுவருவதுதான் இது.

ஒரு பேசினில் ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுத்து, தரை திரவம் ஒன்றரைத் தேக்கரண்டி விடுங்கள். அதற்கு மேல் வேண்டாம். ஆறு துணிகளையும் அதில் ஊறவிட்டு, தூக்கினால் சொட்டாத அளவுக்குப் பிழிந்து அடுக்கிவையுங்கள். கை வலிக்கிறது என்றால் வாஷிங் மெஷினில் ஸ்பின் மட்டும் ஒரு நிமிடம் ஓடவிட்டு எடுக்கலாம். ஹாலுக்கு இரண்டு துணி, அறைக்கு ஒன்று, குசினிக்குக் கடைசித் துணி. குசினித் துணி வேறு நிறத்தில் இருக்கட்டும், எண்ணெய் பட்டது மற்ற அறைக்குப் போகக் கூடாது. அறையின் உள் மூலையில் தொடங்கி வாசலை நோக்கிப் பின்னால் வந்துகொண்டே, வளைந்து வளைந்து பாம்பு போகிற வாட்டத்தில் இழுத்து வாருங்கள். மாப்பின் ஒரே விளிம்பு எப்போதும் முன்னால் போக வேண்டும், அழுக்கு அந்த விளிம்பில் சேரும். முன்னும் பின்னும் தேய்த்தால் சேர்ந்ததெல்லாம் மறுபடி தரைக்குத்தான் வரும். அறை முடிந்ததும் துணியைக் கழற்றிக் கூடையில் போட்டுவிட்டு அடுத்ததை ஒட்டுங்கள். பழைய துணி மறுபடி தண்ணீருக்குள் போகக் கூடாது, இந்த முறைக்கு உயிரே அதுதான். கடைசியில் ஆறு துணியும் வாஷிங் மெஷினுக்குப் போகும். உங்கள் வீட்டுத் தரை முழுவதும் ஒன்றரை லிட்டரில் முடிந்துவிடும். வாளி தூக்குவது, நடுநடுவே குனிந்து பிழிவது, அழுக்கு வாளியை லோங்காங்கில் (கால்வாயில்) கொட்டுவது எதுவும் இல்லை. முழங்கால் வலி உள்ளவருக்கு இதில் பாதிச் சுமை குறைந்துவிடுகிறது.

மைக்ரோஃபைபர் துணியைக் கெடுப்பவை மூன்று. மணத்துக்காக ஊற்றும் துணி சாஃப்டனர் இழைகளின் மேல் எண்ணெய்ப் படலமாகப் படிந்து, அவை தண்ணீரை உறிஞ்சாமல் செய்துவிடும். குளோரின் பிளீச் இழையை அரிக்கும். துவாலையோடு சேர்த்துத் துவைத்தால் பஞ்சு அத்தனையும் இதில் ஒட்டிக்கொள்ளும். சோப்புத் தூள் கொஞ்சமாகப் போட்டுத் தனியாகத் துவைத்தால் துணி நெடுநாள் வரும்.

இனி மோட்டார். 200 வெள்ளி மாப்பில் இரண்டு வட்டத் துணிகள் எதிரெதிர்த் திசையில் சுற்றும், முன்னால் சின்னத் தொட்டியிலிருந்து தண்ணீர் பீச்சும். தள்ளவே வேண்டாம், அதுவே நகரும் என்பது உண்மை. காய்ந்துபோன தேத்தண்ணீர்க் கறை, சிந்திய மைலோ இதையெல்லாம் நன்றாகத் தேய்த்தெடுக்கும். ஆனால் அழுக்குத் தண்ணீரை அது எங்கேயும் எடுத்து வைப்பதில்லை. எல்லாம் அந்த இரண்டு துணியிலேயே இருக்கிறது. ஹால் முடிவதற்குள் துணி நனைந்து அழுக்கேறிவிடும். அதோடு மூன்று அறைகளையும் சுற்றினால் பழைய நூல் மாப்புக் கதைதான், மோட்டாரோடு. அறைக்கு ஒரு ஜோடி மாற்றினால் சரியாக வரும். அப்படி மாற்றப் போகிறோம் என்றால் தட்டை மாப்பிலேயே மாற்றலாமே! எடையும் இரண்டு மூன்று கிலோ வந்துவிடும். மூலைக்குள் வட்டத் துணி போகாது. பீச்சுகிற துளை, செராய் வாங்கி எனும் சிட்ரோனெல்லாப் புல் எண்ணெய் கலந்த திரவம் விட்டால் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். துணியைப் பிடிக்கும் ஒட்டுப் பட்டை நாளடைவில் தளர்ந்து, ஓடும்போதே துணி கழன்று வரும்.

1,200 வெள்ளி மாப்பு வேறு ரகம். சுத்தத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து உருளைக்கு நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். உருளை வேகமாகச் சுற்றித் தரையைத் தேய்க்கும். உருளையை ஒட்டினாற்போல் இருக்கும் ஒரு பட்டை அழுக்கு நீரை வழித்தெடுக்க, உறிஞ்சும் மோட்டார் அதை இரண்டாவது தொட்டிக்கு இழுத்துவிடும். நான் சொன்ன இரண்டாவது வேலையை உண்மையிலேயே செய்கிற மோட்டார் மாப்பு இதுதான். துடைத்த இடம் சில நிமிடங்களில் காய்ந்துவிடும். மழைக்காலத்தில், தரை மணிக்கணக்கில் காயாத நாளில், இது பெரிய விஷயம். முதல் தடவை ஓட்டிவிட்டு அழுக்குத் தொட்டியைப் பார்த்தால், இத்தனை நாள் துடைத்த பிறகும் தரையில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று தெரியும். எடை நான்கு, ஐந்து கிலோ, ஆனால் உருளையே முன்னால் இழுத்துக்கொண்டு போவதால் கைக்குப் பாரம் தெரியாது. சுத்தத் தொட்டி பெரும்பாலும் முக்கால் லிட்டருக்கு முன்பின். உங்கள் வீட்டுக்கு நடுவில் ஒரு தடவை நிரப்ப வேண்டியிருக்கும்.

இதன் பிரச்சினை துடைத்து முடித்த பிறகு ஆரம்பிக்கிறது. அழுக்குத் தொட்டியில் சோற்றுப் பருக்கை, முடி, சேறு, சோப்பு எல்லாம் கலந்து கிடக்கும். நம் ஊர் வெயிலில் அது மாலைக்குள் நாறும். மறுநாள் அந்த மாப்பை எடுத்தால் வீடு முழுக்க ஊறல் நாற்றம். வாங்கிச் சில மாதத்திலேயே இந்த வகை மாப்பு ஸ்டோருக்குப் போய்விடுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம், மோட்டார் கெட்டு இல்லை. செய்ய வேண்டியது இது. முடித்ததும் சார்ஜர் மேடையில் நிறுத்தி, தானே கழுவும் பட்டனை அழுத்துங்கள். பிறகு அழுக்குத் தொட்டியைக் கழற்றி டாய்லெட்டிலோ வெளிக் கால்வாயிலோ கொட்டுங்கள். குசினித் தொட்டியில் கொட்டினால் மண் படிந்து குழாய் அடைக்கும். தொட்டியையும் மூடியையும் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். உருளையைக் கழற்றி, இரண்டு முனையிலும் சுற்றியிருக்கும் முடியைக் கத்தரித்து எடுத்துவிட்டு, காற்று வரும் நிழலில் நிறுத்திவையுங்கள். உருளை இருந்த குழியையும் உறிஞ்சு வாயையும் ஈரத் துணியால் துடையுங்கள். ஃபில்டரை அலசி, முழுக்கக் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும். ஈர ஃபில்டர் இழுவையைக் குறைக்கும், ஈரக் காற்று மோட்டாருக்குப் போகும். ஃபில்டர் இரண்டு, உருளை இரண்டு வைத்து மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. சுடுகாற்றால் உருளையைக் காயவைக்கும் வசதி உள்ள மாடல் கொஞ்சம் கூடுதல் விலை. காற்றில் எப்போதும் ஈரம் நிற்கும் இந்த நாட்டில் அந்தக் காசு வீண் போகாது. ஆனால் அழுக்குத் தொட்டியை அது கழுவித் தராது.

வழக்கமாக வரும் கோளாறுகளையும் சொல்கிறேன், பாதிக்கு மேல் வீட்டிலேயே சரிசெய்யலாம். அழுக்குத் தொட்டி பாதிகூட நிறையாமல் நிறைந்துவிட்டது என்று சொல்லி நின்றுவிடுகிறதா, நுரைதான் காரணம். தொட்டிக்குள் மேலே இரண்டு சின்ன உலோக முனைகள் இருக்கும். தண்ணீர் இரண்டையும் தொட்டால் மின்சாரம் கடந்து, நிறைந்தது என்று மாப்பு அறியும். நுரை தொட்டாலும் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும். சாதாரணத் தரை திரவத்தை விடாமல் நுரை வராத திரவம் விடுங்கள், இல்லையென்றால் வெறும் தண்ணீரே போதும். போன பாதையில் ஈரக் கோடு விழுகிறதா, ஃபில்டர் அடைத்திருக்கும், அல்லது வழிக்கும் பட்டையில் முடி மாட்டியிருக்கும், அல்லது உருளை தேய்ந்திருக்கும். உருளை சுற்ற மறுத்தால் முனையைப் பாருங்கள். நீள முடியும், மல்லிகைச் சரத்து நூலும் அங்கேதான் இறுகிக்கொள்ளும். கைப்பிடிப் பக்கம் தண்ணீர் கசிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். கட்டிலுக்கு அடியில் விடுவதற்காகப் படுக்கவைத்து ஓட்டியதில் அழுக்கு நீர் மோட்டாருக்குள் போயிருக்கலாம். 180 டிகிரி படுக்கவைக்கலாம் என்று எழுதியிருக்கும் மாடலைத் தவிர மற்றதைச் சாய்க்கக் கூடாது. பிளீச்சும் டெட்டாலும் எந்த மோட்டார் மாப்புத் தொட்டியிலும் வேண்டாம். பிளீச் ரப்பர் வளையங்களையும் உலோகத்தையும் அரிக்கும். வாளியில் பிளீச் போட்டுத் துடைக்கிறவர்களும், அதோடு டாய்லெட் அமிலத்தையோ அம்மோனியா உள்ள திரவத்தையோ ஒருபோதும் கலக்கக் கூடாது. நச்சு வாயு கிளம்பும்.

சாமி மேடைக்கு முன்னால் எந்த மோட்டாரும் போக வேண்டாம். விளக்கெண்ணெயோ நல்லெண்ணெயோ சிந்தியிருந்தால், உருளை அதை உறிஞ்சி ஹால் முழுக்க மெழுகிவிடும். அந்த உருளையிலிருந்து எண்ணெயை எடுப்பதும் பெரிய பாடு. எண்ணெயின் மேல் கொஞ்சம் அரிசி மாவு தூவி ஐந்து நிமிடம் விட்டு, அள்ளிவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்ட ஈரத் துணியால் துடையுங்கள். குங்குமம் கொட்டினால் முதலில் தண்ணீர் காட்டவே கூடாது, சிவப்பு இடுக்குக்குள் இறங்கிவிடும். காய்ந்த டிஷ்யுவால் அள்ளி, மிச்சத்தைப் பசை நாடாவால் ஒற்றி எடுத்த பிறகே ஈரத் துணி. விபூதியும் கோலமாவும் அப்படித்தான். காய்ந்த நிலையில் கூட்டினால் வந்துவிடும், நனைத்தால் வெள்ளைப் படலமாக நிற்கும்.

அஞ்சடிக்கும் பின்பக்கச் சிமெண்டுக்கும் ஈர்க்குமாறும் ரப்பர் குழாயும், வேண்டுமானால் பழைய நூல் மாப்பும்தான். கரடான சிமெண்ட் மைக்ரோஃபைபரைப் பிய்க்கும், உருளையைத் தேய்க்கும். பாட்டி வீட்டுப் பலகைத் தரைக்கு உருளை மாப்பு கூடவே கூடாது. பலகைக்கு நடுவில் இடைவெளி இருக்கும், நீர் இறங்கினால் அடிப்பக்கம் ஊறிப் பலகை வளையும். நன்றாகப் பிழிந்த தட்டை மாப்பு, பலகையின் நீளவாக்கில். அங்கே திக்கார் கெத்தா (பிளாஸ்டிக் தரை விரிப்பு) விரித்திருந்தால் ஓரங்களைப் பாருங்கள். தூக்கியிருக்கும் ஓரத்தைச் சுற்றுகிற உருளை கவ்விக் கிழித்துவிடும். விரிப்புக்கு அடியில் ஈரம் போனால் பூஞ்சை பிடித்து நாற்றம் வரும். நீராவி மாப்பைப் பற்றிப் பலர் கேட்பார்கள். பலகைக்கும் விரிப்புக்கும் லாமினேட்டுக்கும் ஆகாது, டைல்ஸுக்கு மட்டும் சரி. அது அழுக்கைத் தளர்த்தும், எடுத்து வைக்காது. 1,300 வாட் நீராவி மாப்பு அரை மணி நேரம் ஓடினால் 0.65 யூனிட். உறிஞ்சும் மாப்புக்கு ஒரு முழுச் சார்ஜ் 0.1, 0.15 யூனிட்டுதான். தரை துடைக்கும் ரோபோ தினசரித் தூசிக்கு உதவும், செம்மண்ணுக்கு உதவாது. வாசல்படியும் செருப்பும் வயரும் உள்ள வீட்டில் பாதி நேரம் சிக்கி நிற்கும்.

அம்மாவின் முழங்காலுக்கு எது நல்லது என்பதை எடையை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. ஐந்து லிட்டர் வாளி ஐந்து கிலோ, அதைக் குளியலறையிலிருந்து ஹாலுக்குத் தூக்க வேண்டும். முழங்காலைக் கொல்வது அந்தத் தூக்கலும் குனிந்து பிழிவதும்தான். தட்டை மாப்பில் இரண்டும் இல்லை, ஆனால் துணி மாற்ற அறைக்கு ஒரு தடவை குனிய வேண்டும். ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து, மாப்பைத் திருப்பி மடியில் வைத்து மாற்றலாம். உறிஞ்சும் மாப்பில் நின்றபடியே எல்லாம் முடியும், ஆனால் தொட்டியைக் கழற்ற விரலில் பிடிமானம் வேண்டும், உருளையைக் கழற்றக் குனிய வேண்டும். அம்மாவையே கடைக்கு அழைத்துப்போய், அழுக்குத் தொட்டியைத் தண்ணீரோடு கழற்றி மாட்டச் சொல்லுங்கள். ஒரு தடவையில் முடியாவிட்டால் அந்த மாடல் வேண்டாம். மாலையில் வேலை முடிந்து வரும் நீங்களோ பிள்ளைகளோ கழுவும் வேலையை எடுத்துக்கொள்வதாக இருந்தால் அம்மா காலையில் ஓட்டலாம். ஆனால் மாலை வரை அழுக்குத் தண்ணீரை உள்ளே விடாமல் அதை மட்டுமாவது அம்மா கொட்டிவிட வேண்டும்.

காசைப் பார்ப்போம். 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி ஆனது. அதில் 1,200 என்பது சின்னத் தொகை கிடையாது, அதுவும் ஒரு தடவைச் செலவோடு நிற்காது. உருளை சில மாதத்துக்கு ஒன்று, ஃபில்டர், பிறகு பேட்டரி. லித்தியம் பேட்டரி பொதுவாக 300 முதல் 500 முழுச் சார்ஜ் வரை நன்றாக உழைக்கும், பிறகு ஓடும் நேரம் குறையும். தினமும் ஓட்டினால் ஒன்றரை வருடத்துக்குள்ளேயே வித்தியாசம் தெரியலாம், ஒருநாள் விட்டு ஒருநாள் என்றால் இரண்டு மூன்று வருடம் போகும். தகரக் கூரைக்கு அடியில், வெயில் இறங்கும் பின்கட்டில் வைத்தால் இன்னும் சீக்கிரம் போகும், சூடு பேட்டரிக்கு ஆகாது. இடி மின்னல் வரும்போது சார்ஜரைப் பிளக்கிலிருந்து கழற்றிவிடுங்கள்.

வாங்கும் முன் விற்பவரிடம் கேட்க வேண்டியவை: உருளையும் ஃபில்டரும் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை, பேட்டரியை மாற்ற முடியுமா, சர்வீஸ் ஈப்போவில் இருக்கிறதா அல்லது கோலாலம்பூருக்கு அனுப்ப வேண்டுமா, அனுப்பும் செலவு யாருடையது. ஷோப்பியிலும் லசாடாவிலும் வெளிநாட்டிலிருந்து நேராக வரும் மலிவு மாடலுக்கு இந்த நாட்டில் உத்தரவாதம் இல்லாமல் போகலாம். சார்ஜரில் சிரிம் தரச் சான்று முத்திரை இருக்கிறதா, நம் மூன்று முனைப் பிளக்தானா என்று பாருங்கள். இரண்டு முனைப் பிளக்கோடு வந்தால் பேனாவை மேல் துளையில் குத்தித் திறந்து செருகுகிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தரை துடைத்த ஈரக் கையோடு அதைச் செய்வது உயிருக்கே ஆபத்து. பெட்டியைப் பிரிக்கும்போது கைத்தொலைபேசியில் வீடியோ எடுத்து, ரசீதையும் உத்தரவாத அட்டையையும் படம் பிடித்து வையுங்கள். பழுதான சாமானை விற்றுவிட்டு மாற்றித் தர மறுத்தால் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மனுவுக்குக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் வேண்டியதில்லை, 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அங்கே எடுத்துக்கொள்வார்கள்.